பழவேற்காட்டில் இரண்டு இரவுகள்: கணவனும் மனைவியும் மட்டுமே உள்ள உளவியல் திகில் கதைக்கு இந்தக் களம் பொருந்துமா?

கேள்வி: மாலதி, தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. களத்தைப் பற்றி எனக்கும், என் எழுத்தை முதலில் படித்துப் பார்க்கும் நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்திருப்பதால், இந்த வகைக் கதைகளை ஊன்றிப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்.

நாயகி கலைச்செல்வி காசிமேட்டில் பிறந்தவள். தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். கணவன் ரகு மணலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். திருவொற்றியூரில் மாமியாரோடு சேர்ந்து வாடகை வீட்டில் குடித்தனம். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் இருவரும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு மாலைகூடக் கிடைப்பதில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. அதனால், பழவேற்காடு ஏரிக்கரையில் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளியிருக்கும் தன் நண்பனின் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலை போய் ஞாயிறு திரும்பலாம் என்று ரகு சொல்லும்போது அவள் மகிழ்ச்சியோடு கிளம்புகிறாள். அவளுடைய நகைகளை அவளுக்குத் தெரியாமல் அவன் ஏற்கெனவே அடகு வைத்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. வாசகருக்கும் நடுவில்தான் தெரியவரும். நகையைத் தானே மனமுவந்து எடுத்துக் கொடுத்ததாகவும், அதைத் தான் மறந்துவிட்டதாகவும் அவளை நம்பவைப்பதற்காகவே அந்த இரண்டு இரவுகளையும் அவன் ஏற்பாடு செய்திருக்கிறான். கதை முழுவதும் அவன் ஒருமுறைகூடக் கை ஓங்குவதில்லை; குரலையும் உயர்த்துவதில்லை.

நண்பர்கள் சொல்லும் குறைகள் இவை. பழவேற்காடு தனிமையான இடமே அல்ல. பொன்னேரியிலிருந்து பேருந்து இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் குப்பங்கள் இருக்கின்றன, ஆகவே கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ கதையை மாற்று என்கிறார்கள். கைப்பேசி இருக்கும்போது ஒருத்தி எப்படிச் சிக்கிக்கொள்வாள், ஒரு புயலைக் கொண்டுவந்து தொடர்பைத் துண்டித்துவிடு என்கிறார் ஒருவர். காசிமேட்டுப் பெண் தண்ணீரையும் இருட்டையும் கண்டு பயப்படமாட்டாள், நாயகியை வேறு ஊர்க்காரியாக்கு என்பது மூன்றாவது கருத்து.

வடசென்னை என்றாலே அரிவாளும் ரவுடிக் கும்பலும்தான் என்று கதைகளில் காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். இங்கே ஒரு சாதாரணக் குடித்தனத்தின் நாலு சுவருக்குள் நடக்கும், இரத்தம் சிந்தாத கொடுமையை எழுத வேண்டும் என்பதே நான் எழுத உட்கார்ந்ததன் காரணம். ஆகவே களத்தையும் நாயகியையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கதை நம்பும்படி இருக்க வேண்டுமே. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில்: கடலோரவாசி, ராயபுரம்

மாற்ற வேண்டாம். மலைப்பனியும் வளைவுப் பாதையும் ஏற்கெனவே தைத்து வைத்த பயத்தைக் கொடுக்கும் இடங்கள். அங்கே கதையை வைத்தால் வாசகர் பனியைக் கண்டு பயப்படுவாரே தவிர ரகுவைக் கண்டு பயப்படமாட்டார். உங்கள் கதையில் அவள் வீட்டுக்கு வரும் வழி அவளுக்கு மனப்பாடம். பொன்னேரிக்கு வந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயில். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று ஒவ்வொரு நிலையமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படியிருந்தும் அவள் போகாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் இந்தக் கதையின் திகில். போக முடியாதவளைப் பார்த்தால் இரக்கம் வரும். போக முடிந்தும் போகாமல் இருப்பவளைப் பார்க்கும்போது ஏன் என்ற கேள்வி வாசகரைத் தூங்கவிடாது.

புயல் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதி எப்படித் தண்ணீரில் நின்றது, எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து மீனவர் பிழைப்பு என்ன ஆனது என்பதையெல்லாம் நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட பேரிடரைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்துவது எனக்கு உறுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதைக்கே அது கேடு. அவள் சிக்கிக்கொண்டதற்குப் புயல் காரணமாகிவிட்டால் ரகு பாதி விடுதலை பெற்றுவிடுவான். அவளைச் சுற்றி எழும் ஒவ்வொரு சுவரும் அவன் கையால் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். ஆனால் அதுவே உங்களுக்குச் சாதகம். பழவேற்காடு ஏரி பார்வைக்குக் கடல்போல் விரிந்து கிடந்தாலும், பெரும்பகுதியில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முகத்துவாரத்தை ஒட்டித்தான் ஆழமும் இழுப்பும் அதிகம். அந்தப் பக்கத்து இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். காசிமேட்டில் வளர்ந்தவளிடம் போய் ஏரி ஆழம், இறங்காதே என்று ரகு சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். தண்ணீரைப் பற்றிய பொய் அவளிடம் எடுபடாது. அவளைப் பற்றிய பொய்தான் எடுபடும். இது ரகுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் அவளுடைய பலத்தை நன்றாக அறிந்து, அதைத் தொடாமல் சுற்றி வருகிறவன் என்று எழுதினால் பாத்திரம் உயரும்.

கைப்பேசியைத் துண்டிக்கவே துண்டிக்காதீர்கள். சனிக்கிழமை மதியம் காசிமேட்டிலிருந்து அவளுடைய அம்மா அழைக்கட்டும். ரகு பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, மதியச் சமையலுக்கு இறால் உரித்துக்கொண்டிருக்கிறான். தலையை நிமிர்த்துவதுகூட இல்லை. ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை உருவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் துடைக்கிறான். "எப்படிடி இருக்கே?" என்று அம்மா கேட்கிறாள். கலைச்செல்வி அவன் விரலையே பார்த்தபடி, "நல்லா இருக்கேம்மா, இவர்தான் சமைக்கிறாரு" என்கிறாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உதவி வந்து வாசலில் நின்று திரும்பிப் போவதை வாசகர் பார்க்கிறார்.

இன்னொன்று: டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் கதைக்குள் கொண்டுவரும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பழவேற்காட்டுக்குக் கேமராவோடு போகும் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். உங்கள் கதையில் பயம் தட்டில் இருக்கும் இறாலில் இருக்கிறது.

பதில்: வியாசர்பாடி வாசகி

நான் குடும்ப நல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். வந்தவர்களின் கதைகளைப் பொதுவெளியில் சொல்வது முறையல்ல. ஆகவே உளவியல் நூல்களில் பதிவாகியிருப்பதை மட்டும் வைத்து, ரகுவின் திட்டம் எப்படி நடக்கும், எங்கே தடுமாறும் என்று சொல்கிறேன்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று ஓர் அறையில் இருப்பவர்களிடம் வரிசையாகக் கேட்டார். அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னபோது, விடை கண்ணெதிரே தெரிந்தும், ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அந்த ஒருவரும் அவர்களோடு ஒத்துப்போனார். உங்கள் கதைக்கு முக்கியமானது இதன் அடுத்த பகுதி. எதிரே ஒரே ஒரு ஆள் மட்டும் மாற்றிச் சொன்னபோது பெரும்பாலோர் அசையவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து சொன்னபோதுதான் அசைந்தார்கள். சரியான விடையைச் சொல்ல அறையில் துணையாக ஒருவர் இருந்துவிட்டாலோ, ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்படியென்றால் ரகு தனியாக "நீதான் செய்தாய்" என்று எத்தனை முறை சொன்னாலும் போதாது. அவனுக்கு ஒரு கூட்டம் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யாரும் இல்லை. ஆகவே இல்லாதவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். "எங்கம்மாகூடப் போன மாசமே கேட்டாங்க, கலை ஏன் இப்படி மறந்துபோறான்னு." "உங்க அண்ணன் எங்கிட்ட தனியா வந்து விசாரிச்சாரு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு." இப்படி மாமியார், அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவராக அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அவர்கள் எல்லோரும் ஒரே விடையைச் சொல்வதுபோல் காட்டுகிறான். ஊரிலேயே இருந்திருந்தால் அவள் நாலு எட்டு நடந்து போய் அண்ணனைக் கேட்டிருப்பாள். இரண்டு நாள் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பது இதற்குத்தான் அவனுக்குத் தேவைப்படுகிறது. தொலைபேசியில் கேட்கலாமே என்றால், "சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு" என்ற ஒரு வரி அதையும் அடைத்துவிடுகிறது.

அடுத்தது நினைவு. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். சிலரிடம் "மோதியபோது" என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் கேட்டார்கள். இரண்டாவது வகையில் கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, கண்ணாடியே உடையாத அந்தப் படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் இவர்களில்தான் அதிகம். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அல்ல. கேட்கப்படும் கேள்விக்கு ஏற்ப அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. ஆகவே ரகு எதையும் அடித்துச் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். "நீ நகையைக் கொடுத்தாய்" என்று சொன்னால் அவள் மறுப்பாள். "அன்னிக்கு நீ நகைப்பையை எடுத்துக் கொடுத்தப்போ மழை பேஞ்சுதா இல்லையா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால், மழையைத் தேடிப் போகும் மனம் நகைப்பையை ஒப்புக்கொண்ட பிறகுதான் தேடத் தொடங்குகிறது.

ஒரு வேண்டுகோள். முதல் இரவிலேயே பொய்யைத் தொடங்காதீர்கள். முதலில் அவள் உண்மையாகவே ஒன்றை மறந்திருக்க வேண்டும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மாமியாரின் மாத்திரை அட்டையைத் தன் கைப்பையிலேயே போட்டு எடுத்து வந்துவிட்டாள் என்று வையுங்கள். ரகு கோபப்படுவதில்லை, பக்கத்து வீட்டுப் பையனிடம் தொலைபேசியில் சொல்லி, மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கச் செய்து, "பரவாயில்லை, நீ களைச்சுப் போயிருக்கே" என்கிறான். அந்த ஒரு உண்மையான மறதியை முதலாக வைத்துத்தான் அவன் மற்ற எல்லாவற்றையும் வட்டிக்கு விடுவான். தூக்கத்தையும் கவனியுங்கள். இரண்டு இரவும் பாதியில் எழுப்பப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் நினைவின்மேல் தானே நம்பிக்கை வைக்கமாட்டாள்.

பதில்: ஏரிக்கரையான், பொன்னேரி

ஊர்க்காரன் என்ற முறையில் சில திருத்தங்கள். நீங்கள் கதையில் படகுச் சவாரி வைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. வைத்திருந்தால் கவனமாக எழுதுங்கள். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அந்த நாளை மறந்தவர்கள் இல்லை. ஆனால் இந்தத் தடை உங்கள் கதைக்கு உதவும். வீட்டை அக்கரைக்கு மாற்றி, அங்கே நண்பனின் மீன்பிடிப் படகில்தான் போகிறோம், தடை இருப்பதால் யாரிடமும் சொல்லாதே என்று ரகு சொன்னால், அவள் எங்கே இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. சொல்லாமல் மறைத்தவளும் அவளே ஆகிவிடுகிறாள்.

ஏரியை ஒட்டி வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. இரவு நேரத்தில் ராக்கெட் ஏவும்போது எங்கள் கரையிலிருந்து பார்த்தால் வானம் ஆரஞ்சு நிறமாகும். ஓசை உடனே வராது. ஏவுதளம் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குமேல் இருப்பதால், வெளிச்சம் தெரிந்து ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகுதான் உறுமல் வந்து சேரும். சனிக்கிழமை இரவு கலைச்செல்வி கொல்லைப்புறத்தில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்க்கட்டும். உள்ளே ஓடிவந்து சொல்கிறாள். ரகு எட்டிப் பார்க்கும்போது ராக்கெட் மேகத்துக்குள் மறைந்து வானம் இருண்டுகிடக்கிறது, ஓசையும் இல்லை. "எங்கே? ஒண்ணும் இல்லையே" என்கிறான். அந்த ஒன்றரை நிமிடம் முழுவதும் அவள் தன் கண்ணைச் சந்தேகிக்கிறாள். பிறகு உறுமல் வருகிறது. அதைக் கேட்டபின்னும் அவன் "இடி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டால், அவன் எப்படிப்பட்டவன் என்பது வாசகருக்குத் தெளிவாகிவிடும். ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும் என்பதால், காசிமேட்டுக்காரியான அவளுக்கு இது என்னவென்று ஊகிக்கத் தெரிந்திருக்கும். மறுநாள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவள் கேட்கிறாளா இல்லையா என்பதில் உங்கள் முடிவு இருக்கிறது.

வியாசர்பாடி வாசகி சொன்ன துணை ஆளாக ஒருவரை வைப்பதென்றால் வீட்டுக் காவலாளியை வைக்க வேண்டாம். எல்லாக் கதையிலும் அவர்தான் வருகிறார். எங்கள் ஊரில் பனையோலைப் பெட்டி முடையும் இஸ்லாமியப் பெண்கள் உண்டு. அப்படி ஒரு பாட்டி விலை பேசும்போது, நேற்று ராத்திரி ராக்கெட் போனதே பார்த்தாயா தாயி என்று போகிற போக்கில் கேட்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நகை அடகு விஷயத்தை நடுவில் வாசகருக்குச் சொல்லிவிடுவது சரியல்ல. அடகுச் சீட்டு தெரிந்துவிட்டால், அவன் செய்யும் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து வாசகர் நிம்மதியாகிவிடுவார். காரணம் தெரியாதவரை அவன் அன்பாகப் போர்வையை இழுத்துப் போர்த்துவதுகூடப் பயமாக இருக்கும்.

பதில்: வழக்குரைஞர், வண்ணாரப்பேட்டை

முடிவில் அவள் சட்டத்தை நாடுவதாக இருந்தால், எழுத்தாளர்கள் பலர் செய்வதுபோல் "அடித்த காயம் இல்லையே, வழக்கு நிற்காது" என்று யாரையும் சொல்லவைக்க வேண்டாம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், உடல்ரீதியான கொடுமையோடு மனரீதியான, பொருளாதாரரீதியான கொடுமைகளையும் குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது. மனைவியின் சீதனத்தை அவளை மீறிக் கைமாற்றுவது பொருளாதாரக் கொடுமை என்ற வரையறைக்குள் வருகிறது. பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ 12ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். சீதனத்தைத் திருப்பித் தருமாறு உத்தரவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அவள் அழைக்கலாம். நகையை அவளே கொடுத்தாள் என்று அவளை நம்பவைக்க ரகு இவ்வளவு பாடுபடுவதற்குச் சட்டப்படியும் பொருள் இருக்கிறது: சம்மதித்தேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டால் வழக்கின் பாதி அங்கேயே சரிந்துவிடும். அவன் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். இதை எண்ணாமல் இருக்கமாட்டான்.

மாலதி, தண்டையார்பேட்டை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. களமும் நாயகியும் மாறப்போவதில்லை, புயலுக்கும் இடமில்லை. இல்லாதவர்களைச் சாட்சிக்கு அழைப்பது என்ற ஒன்று கிடைத்ததில் இரண்டாம் அத்தியாயத்தை முழுவதும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது; அண்ணனைப் பற்றிய அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ள அனுமதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடகுச் சீட்டைப் பற்றிப் பொன்னேரி நண்பர் சொன்னதைப் பாதி ஏற்கிறேன். நடுவில் வாசகருக்குச் சொல்லமாட்டேன். ஆனால் கடைசிவரை மறைத்து வைத்துத் திடீரென்று அவிழ்க்கவும் எனக்கு விருப்பமில்லை. அது அவனுடைய திறமையை வாசகர் வியக்கும்படி ஆக்கிவிடும். பெட்டி முடையும் பாட்டி பேசிவிட்டுப் போனபின், காசு எடுப்பதற்காக ரகுவின் சட்டைப் பையில் கை விடும் கலைச்செல்வியே சீட்டைப் பார்க்கட்டும். வாசகர் அவளுக்கு முன்னாலும் தெரிந்துகொள்ள வேண்டாம், பின்னாலும் வேண்டாம். சீட்டில் அடகு வைத்த தேதி இருக்கும். அன்று அவள் எங்கே இருந்தாள் என்பது அவளுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அவன் நினைவைக் கிளறிக் கேட்ட மழை நாளும் அந்தத் தேதியும் பொருந்தவில்லை என்பதை அவள் தன் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடிக்கிறாள். அங்கிருந்து பொன்னேரி நிலையம்வரை உள்ள பகுதியை இனிமேல்தான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்து எவ்வளவு நேர இடைவெளியில் வருகிறது என்று ஏரிக்கரையான் சொன்னால் உதவியாக இருக்கும். அவள் காத்திருக்கும் நேரத்தை நான் கூட்டவோ குறைக்கவோ விரும்பவில்லை.